பிள்ளைக்கு இரத்தப்புற்று என்றால்: தாய் தந்தையருக்கு ஒரு பாடம்



இந்தப் பக்கத்தில் வாரந்தோறும் குடும்பத்துக்கு உதவியான ஒரு விஷயம் பாடமாக எழுதப்படுவது உங்களுக்குத் தெரிந்ததே. இந்த வாரம் எழுத வேண்டியவன் நானல்ல. ஆனால் நமது பங்கில் இரண்டு வீடுகளில் அடுத்தடுத்துச் சிறு பிள்ளைகளுக்குப் புற்றுநோய் என்று சொல்லப்பட்டு, அந்த இரண்டு வீட்டாரும் என் வாசலில் வந்து நின்று ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்டபடியால், சுவாமியார் என்னை அழைத்து, "நீர் பட்டதை எழுதும், தெரிந்ததை மட்டும் எழுதும்" என்றார். நான் வைத்தியனல்ல, மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவன். ஆகிலும் இரண்டரை ஆண்டுக் காலம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவனுக்கு ஏதோ கொஞ்சம் தெரியத்தானே செய்யும்?

2018-ம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரம், எங்கள் சின்ன மகளுக்குச் சுரம் வந்தது. அப்போது அவளுக்கு வயது நான்கு. சுரம் இரண்டு நாள் விடும், மூன்றாம் நாள் மறுபடி வரும். முகம் வெளுத்துப் போயிற்று. ஓடி விளையாடுகிறவள், "கால் வலிக்குது, தூக்கு" என்று கையை நீட்டத் தொடங்கினாள். வளரும் பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். டவுனில் ஒரு டாக்டர் டைபாய்டு என்று பத்து நாள் மருந்து கொடுத்தார். பத்தாம் நாள் குளிப்பாட்டும்போது என் மனைவி பிள்ளையின் முதுகிலும் தொடையிலும் நீலம் பாரித்த தடங்களைக் கண்டு, "யார் அடிச்சா?" என்று கேட்டிருக்கிறாள். ஒருவரும் அடிக்கவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. விட்டு விட்டு வரும் சுரம், காரணமில்லாத வெளுப்பு, அடிபடாமலே தோன்றும் நீலத் தடங்கள், ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கழுத்தில் கட்டிகள், நடக்க மறுக்கும் அளவுக்கு எலும்பு வலி: இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் வேறு சாதாரண நோயாகவே இருக்கும். இரண்டு மூன்று சேர்ந்து இருந்து, இரண்டு வாரத்தில் தீராவிட்டால், நீங்களே வாய் திறந்து இரத்தப் பரிசோதனை கேளுங்கள். அந்தப் பரிசோதனை எந்தச் சிறு டவுனிலும் நடக்கும். பெரிய செலவும் இல்லை. இன்னொன்று. சுரத்துக்கும் மூட்டு வலிக்கும் ஸ்டீராய்டு என்னும் மருந்தைக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அந்த மருந்து இந்த நோயின் அணுக்களைக் கொஞ்ச காலம் அடக்கி வைத்து, பரிசோதனையையே ஏமாற்றிவிடும். ஆகையால் எந்த மருந்து சாப்பிட்டோம் என்ற சீட்டை எறிந்துவிடாதேயுங்கள்.

எங்களுக்கு லேபில் இருந்தவர்தான் முதலில் சொன்னார். சீட்டை உடனே கொடுக்காமல், கண்ணாடித் துண்டில் தடவிய இரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "அண்ணே, இன்னைக்கு ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார். நாலாயிரத்துக்கும் பதினோராயிரத்துக்கும் நடுவே நிற்க வேண்டிய வெள்ளணுக்கள் அறுபத்தெட்டாயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் பதினெட்டாயிரம். ஹீமோகுளோபின் ஐந்து. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளணு கிருமியோடு போராடும் படை என்று பள்ளியில் படித்திருக்கிறோமே, அது கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

விளக்கம் சென்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிடைத்தது. நம் இரத்தம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை என்னும் இடத்தில் உற்பத்தியாகிறது. அங்கே பிறக்கும் வெள்ளணு முதலில் குழந்தையாயிருந்து, வளர்ந்து, வேலை கற்று, பிறகு இரத்தத்தில் இறங்க வேண்டும். இந்த நோயில் ஓர் அணு வளர மறுத்துவிடுகிறது. வேலை செய்யாது, சாகாது, தன்னைப் போலவே பெருகிக்கொண்டிருக்கும். அவை பெருகப் பெருக, சிவப்பணுவுக்கு இடமில்லை, ஆகவே வெளுப்பு. தட்டணுவுக்கு இடமில்லை, ஆகவே நீலத் தடம். நல்ல வெள்ளணுவுக்கும் இடமில்லை, ஆகவே சுரம். எலும்புக்குள் நெருக்கடி, ஆகவே கால் வலி. எண்ணிக்கையில் அறுபத்தெட்டாயிரம் இருந்தும் போராடும் படை ஒன்றும் அதில் இல்லை. இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் தீவிர இரத்தப்புற்று வகை என்று உறுதி செய்தார்கள்.

டாக்டரம்மா எங்களிருவரையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். அதில் முக்கால் பங்கு எங்கள் காதில் ஏறவில்லை. "புற்று" என்ற சொல் விழுந்தவுடன் மற்றதெல்லாம் தூரத்தில் யாரோ பேசுவது போல் ஆகிவிட்டது. ஆதலால் இப்படிப்பட்ட வீட்டாருக்கு நான் சொல்லும் முதல் யோசனை, போகும்போது உங்களைவிட மனத்திடமான ஒருவரைக் கூட்டிப்போய் அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள் என்பதே. எங்களுக்கு என் மைத்துனன் எழுதினான். அந்த நோட்டு இன்றும் இருக்கிறது. அதில் முதல் வரி: "குணமாகும் நோய். இரண்டரை வருஷம்."

குணமாகும் நோய் என்பது எப்போதும் அப்படி இருந்ததல்ல. இந்த வரலாற்றை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் நாட்டார் பெருமைப்பட வேண்டிய பகுதி அதில் இருப்பதால் சொல்லுகிறேன். 1947-ம் ஆண்டுவரை இந்த நோய் கண்ட பிள்ளைகள் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், இறந்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ஃபோலிக் அமிலம் என்னும் சத்தைக் கொடுத்தால் நோய் தணியாமல் இன்னும் வேகம் கொள்ளுகிறதைக் கவனித்து, அப்படியானால் அந்தச் சத்தை அணுவுக்குக் கிடைக்காமல் தடுத்தால் என்ன என்று யோசித்தார். தடுக்கும் மருந்தை அவருக்குச் செய்து கொடுத்தது எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவரின் ஆராய்ச்சிக் கூட்டம். சுப்பாராவ் ஆந்திர தேசத்துப் பீமவரத்தில் 1895-ல் பிறந்து, நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்காதபடியால் முழுப் பட்டம் கிடைக்காமல் கப்பலேறியவர். 1948-ல் வெளியான அறிக்கையில் பதினாறு பிள்ளைகளுக்கு அந்த மருந்து கொடுக்கப்பட்டதாகவும், பத்துப் பேர் தேறியதாகவும் கண்டிருக்கிறது. தேறியது சில மாதங்களுக்குத்தான், நோய் திரும்பியது. ஆனாலும் அசையாத மலை அன்று அசைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்பாராவும் இறந்துபோனார். அவர் வழிவந்த மெத்தோட்ரெக்ஸேட் என்ற மஞ்சள் மருந்துதான் எங்கள் மகளின் முதுகுத் தண்டில் பல முறை ஏறியது.

இன்னொரு மருந்து நமக்கு அதைவிடப் பழக்கமானது. நித்தியகல்யாணி என்ற செடியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சுடுகாட்டு மல்லி என்று சொல்லுவார்கள். ஆடு மாடு தின்னாது, தண்ணீர் வேண்டாது, நம் கல்லறைத் தோட்டம் முழுவதும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். நவம்பர் மாதம் இறந்தோர் நினைவு நாளுக்கு முன் அதைப் பிடுங்கி எறிவது நம் வாலிபர் சங்கத்தாரின் வேலை, நானும் பிடுங்கியிருக்கிறேன். அந்தச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து 1963 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்றுவரை இந்த நோய்க்கு முதல் மாதத்திலேயே கொடுக்கப்படுகிறது. திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கங்களில் மருந்துக்கென்றே இதைப் பயிரிடுகிறார்கள். இதை ஒரு நர்சம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. படம் காட்டியபின் நம்பினேன்.

ஒரு மருந்தால் தேறிய பிள்ளைக்கு நோய் திரும்புகிறது என்று கண்டு, பல மருந்துகளை ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படியும் சில பிள்ளைகளுக்கு மூளையிலிருந்து நோய் திரும்பியது. ஏனென்றால் இரத்தத்தில் போகும் மருந்து மூளைக்குள் நன்றாய் நுழைவதில்லை, நோயணுக்கள் அங்கே ஒளிந்துகொள்ளுகின்றன. இந்தச் சிக்கலை அவிழ்த்ததில் பெரும்பங்கு, மெம்பிஸ் நகரில் 1962-ம் ஆண்டு திறக்கப்பட்ட அர்ச். யூதா ததேயு பெயர் கொண்ட குழந்தைகள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தது. வேலையில்லாமல் அலைந்த காலத்தில் அந்த அர்ச்சியசிஷ்டவரிடம் நேர்ந்துகொண்ட டேனி தாமஸ் என்ற நகைச்சுவை நடிகர், பேரும் பொருளும் வந்தபின் மறவாமல் பணம் திரட்டிக் கட்டியது அது. திறந்த காலத்தில் இந்த நோய் கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு நாலு பேர்தான் பிழைத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அங்கே பாதிப் பேர் பிழைக்கும் வழி கண்டார்கள். இன்று பணக்கார நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் பிழைக்கிறார்கள்.

நம் தேசத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கை புற்றுநோயால் மாண்டதை மறவாமல், 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். 1955-ல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார் 2021-ல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. பிள்ளைகளுக்கென்று தனி வார்டு அங்கே 1960-லேயே ஏற்பட்டது. 1984-ல் அடையாறு, பம்பாய், டில்லி ஆகிய மூன்று இடத்து டாக்டர்களும் அமெரிக்க நிபுணர் ஒருவரோடு சேர்ந்து, நம் நாட்டுக்கு ஏற்ற ஒரே மருந்துத் திட்டத்தை வகுத்த பிறகு பிழைப்பவர் தொகை வெகுவாக உயர்ந்தது. நிற்க.

முதல் மாதம்தான் கொடியது. வாரம் ஒரு நித்தியகல்யாணி மருந்து, நாள்தோறும் ஸ்டீராய்டு, தொடையில் ஊசி, முதுகுத் தண்டில் ஊசி. பிள்ளையின் முகம் பூசணிக்காய் போல் வீங்கிற்று. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, "தயிர் சாதம்" என்பாள். கொடுத்தால், "இட்லி" என்பாள். கொடுக்கத் தாமதித்தால் தாயைக் கடிப்பாள். இது பிள்ளையின் குணமல்ல, மருந்தின் குணம் என்று யாராவது முன்னதாகச் சொல்லியிருந்தால் நான் அவளை அதட்டியிருக்க மாட்டேன். அதட்டினேன். மூன்றாம் வாரம் தலையணையில் முடி கிடந்தது. அதற்கு நாங்கள் அழுத அளவு அவள் அழவில்லை; வேளாங்கண்ணிக்கு மொட்டை போட்டவள்தானே என்று சிரித்தாள்.

அந்த நாட்களில் அவள் கேட்ட ஒரு கேள்வியை எழுதாமல் விடக்கூடாது. ஊசி அறைக்குத் தூக்கிப் போகும்போது, "நான் என்னப்பா தப்பு செஞ்சேன்? இனிமே செய்ய மாட்டேன்" என்றாள். நான்கு வயசுப் பிள்ளைக்கு வலி என்றால் தண்டனை. வேறு அர்த்தம் அதற்குத் தெரியாது. "ஊசி போட மாட்டாங்க, சும்மா பார்க்கத்தான்" என்று நான் அதற்கு முன் இரண்டு முறை பொய் சொல்லியிருந்தேன். ஆகையால் மூன்றாம் முறை மிட்டாய்க் கடைக்குப் போகிறோம் என்றாலும் அலறினாள். டாக்டரம்மா என்னைக் கண்டித்தார். அன்று முதல், "இன்னைக்கு ஊசி உண்டு, வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிஞ்சிரும், உன் இரத்தத்தில் கெட்ட அணு இருக்கு, அது நீ செஞ்சதல்ல, யாரும் செஞ்சதல்ல" என்று சொல்லத் தொடங்கினோம். வலி குறையவில்லை, ஆனால் ஊசி இல்லாத நாட்களில் நிம்மதியாய் விளையாடினாள். பிள்ளை என்ன கேட்டாலும் உண்மையை அதன் வயதுக்கு ஏற்ற அளவில் சொல்லுங்கள்.

யாரும் செய்ததல்ல என்பது பெரியவர்களுக்கும் தேவையான பாடம். நம் ஊரிலேயே, "யார் செய்த பாவமோ" என்று என் மனைவியின் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. அவர்களும் என்னோடு பூசை காண்கிறவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் அதே கேள்வியைக் கேட்டதும், நமதாண்டவர் அவர்களைத் திருத்தியதும் தபசு காலத்தில் நாம் கேட்கும் சுவிசேஷமாயிற்றே! வைத்தியர்களைக் கேட்டாலும், மஜ்ஜையில் ஓர் அணு பிரியும்போது ஏற்படும் பிசகிலிருந்து இது தொடங்குகிறது, பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாய் சாப்பிட்டதோ தகப்பன் செய்ததோ காரணமல்ல என்கிறார்கள். இது தொற்றுநோயும் அல்ல. எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கியவர்கள் இதை வாசிப்பார்களாக. உண்மையில் உங்களிடமிருந்துதான் எங்கள் பிள்ளைக்கு ஆபத்து இருந்தது. மருந்தால் எதிர்ப்புச் சக்தி இழந்தவளுக்கு உங்கள் வீட்டு ஜலதோஷமும் அம்மையும் எமனாகியிருக்கும்.

இந்த நோயில் சாகிற பிள்ளைகள் எல்லாம் நோயால் சாகிறதில்லை. நம் நாட்டில் கிருமி தொற்றிச் சாகிறவர்கள் அநேகர். காய்ச்சிய தண்ணீர், சூடான சாப்பாடு, தோல் உரித்த பழம், தொடுமுன் கை கழுவுதல், கூட்டத்துக்குப் போகாமை. உடல் சூடு 100.4 என்று காட்டினால் அரை மணிகூடக் காத்திராமல், காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று இராமல், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்களுக்கு இப்படி ஐந்து இரவு வாய்த்தது. ஒரு இரவு ஆட்டோக்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

இனி, நான் இந்தப் பாடத்தில் முக்கியமாகச் சொல்ல வந்தது. இருபத்தொன்பதாம் நாள் மஜ்ஜையை மறுபடி எடுத்துப் பார்த்து, நோயணு கண்ணுக்குத் தெரியவில்லை என்றார்கள். பிள்ளை எழுந்து ஓடினாள். கையில் காசு கரைந்திருந்தது. கடை பூட்டிக் கிடந்தது. மூத்த மகன் ஏழு வயதில் தாத்தாவிடம் ஊரில் கிடந்தான். என் தகப்பனார் போனில், "பிள்ளை சுகமாயிட்டாளே, இனி எதுக்கு அந்த விஷத்தை ஏத்துறே? கூட்டிட்டு வா, மூலிகை பார்ப்போம்" என்றார். உண்மையைச் சொல்லுகிறேன்: எனக்கு அது நியாயமாகப் பட்டது. பெட்டி கட்டினேன். என் மனைவி பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு, "நீங்க வேணும்னா போங்க" என்றாள்.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். நோய் கண்டுபிடிக்கும்போது உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி நோயணுக்கள் இருக்கும். முதல் மாத மருந்தில் நூற்றில் தொண்ணூற்றொன்பது செத்தாலும் மிச்சம் ஆயிரம் கோடி. பூதக்கண்ணாடியில் அது தெரியாது. பிள்ளையும் துள்ளி விளையாடும். மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் அந்த ஆயிரம் கோடி மறுபடி லட்சம் கோடியாகும்; அப்போது அவை பழைய மருந்துக்குப் பணியாதவையாய் இருக்கும். ஆகவேதான் இரண்டரை ஆண்டு, என்றார்.

எங்கள் பக்கத்துக் கட்டிலில் என் மகள் வயதில் ஒரு பையன் இருந்தான். பெயரும் ஊரும் வேண்டாம். அவனும் எங்களோடுதான் தேறினான். பெயிண்டு அடிக்கும் அவன் தகப்பன் எனக்குச் சட்டை கடன் கொடுத்தவர். வயலை விற்றாகிவிட்டது, பிள்ளை நன்றாய் இருக்கிறான், வடக்கே ஒரு வைத்தியர் இருக்கிறாராம் என்று சொல்லிவிட்டு, என் மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஏழு மாதம் கழித்து அதே வார்டுக்கு வந்தபோது பையனுக்குக் கண் சரியாய்த் தெரியவில்லை. மூன்று வாரம் இருந்தான். தகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவரை நான் குற்றம் சொல்லத் துணியேன். பெட்டி கட்டியவன் நானும்தானே. அவர் மனைவி பெட்டியின்மேல் உட்காரவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

பணத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். மருந்தும் படுக்கையும் மட்டும் செலவல்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்யும் சிகிச்சையின் பெரும்பகுதி எங்களுக்கு அதில் நடந்தது. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கையில் இருக்கட்டும். முதல் நாளே அந்த அறையில் போய் நில்லுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் சான்று எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் சம்பாதிக்காத நாள், வாடகை அறை, வெளிச் சாப்பாடு ஆகியவை எந்தத் திட்டத்திலும் அடங்கா. பிள்ளைகளை மருந்திலிருந்து பிடுங்குவது பெரும்பாலும் இவைதாம். அன்பியத்தார் மாதம் ஒரு மூட்டை அரிசி என் தகப்பனாரிடம் சேர்த்தார்கள். பலர் தைரியம் சொன்னார்கள். அந்த அரிசிதான் எங்களை அங்கே இருக்க வைத்தது.

முதல் ஏழெட்டு மாதம் கடந்தபின் மருந்து எளிதாகிறது. நாள்தோறும் இரவு ஒரு மாத்திரை, வாரம் ஒரு நாள் இன்னொரு மாத்திரை, மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடத்துக்கும் போகலாம். இரவு மாத்திரையைக் கண்டுபிடித்தவர் கெர்ட்ரூடு எலியன் என்ற அம்மையார். தம் பாட்டனார் புற்றுநோயால் இறக்கக் கண்டு இந்த வேலைக்கு வந்தவர். 1988-ல் நோபல் பரிசு பெற்றார். இந்தப் பருவத்தில்தான் நாம் சோர்ந்துபோகிறோம். கலியாண வீட்டில் ஒரு நாள், தூங்கிவிட்டாள் என்று ஒரு நாள், எங்களுக்கும் விட்டுப்போயிற்று. டாக்டரம்மா கேட்டபோது, "தவறாமல் கொடுக்கிறோம்" என்றேன். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேளைக்குக் குறைவாக இந்த மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்களாம். அடுத்த மாதம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, காலண்டரில் மாத்திரை கொடுத்தவுடன் கோடு போடச் சொன்னார். கோடு போடும் வேலையை மூத்தவனுக்குக் கொடுத்தோம்.

அவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கை ஆஸ்பத்திரிக்குப் போனது முதல் அவன் யாரோடும் சண்டையிடவில்லை. எல்லாரும் நல்ல பிள்ளை என்றார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் தாயிடம், "நான்தாம்மா அவளை ஊஞ்சல்ல இருந்து தள்ளிவிட்டேன், அதுக்கப்புறம்தான் நீலமா வந்துச்சு" என்று தேம்பினான். எட்டு மாதம் அந்தப் பாரத்தை ஏழு வயதுப் பிள்ளை தனியே சுமந்திருக்கிறது. நோயுள்ள பிள்ளையைக் கவனிக்கிற வீட்டில் நோயில்லாத பிள்ளையை யாராவது ஒருவர், அத்தையோ சித்தப்பாவோ, தினமும் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசுங்கள்.

2020-ம் ஆண்டு மார்ச் இருபத்தைந்தாம் தேதி ஊரடங்கு வந்தது. ரயில் இல்லை, பஸ் இல்லை. மாத்திரை பதினோரு நாளுக்கு இருந்தது. டாக்டரம்மா போனில் இரத்தப் பரிசோதனை எண்களைக் கேட்டு அளவு சொன்னார். மருந்துச் சீட்டைப் போனிலேயே அனுப்பினார். கலெக்டர் ஆபீசில் பாஸ் வாங்கி, காய்கறி லாரியில் போய், நம் பங்கு வாலிபர் ஒருவர் மருந்து கொண்டுவந்தார். அவர் இதை எழுத வேண்டாம் என்றார், பெயரைத்தான் விட்டிருக்கிறேன்.

இரத்தம் தந்தவர்களும் உங்களில் பலர். முதல் இரண்டு மாதத்தில் எங்கள் மகளுக்குப் பன்னிரண்டு முறை தட்டணுவும் ஆறு முறை சிவப்பணுவும் ஏறின. சிவப்பணுவை ஏறக்குறைய ஆறு வாரம் குளிரில் வைத்திருக்கலாம். தட்டணு ஐந்து நாளுக்குமேல் நிற்காது. ஆகவே திருவிழாவுக்குத் திருவிழா முகாம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. பதினெட்டு வயது முடிந்த, நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள, நோயற்ற எவரும் தரலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை.

2020-ம் ஆண்டு டிசம்பரில் கடைசி மாத்திரை. விசேஷம் ஒன்றும் நடக்கவில்லை. மூத்தவன் காலண்டரில் கோடு போட்டான். அடுத்த நாள் இரவு எட்டரை மணிக்கு என் மனைவி பழக்கத்தால் மாத்திரை டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மருந்து நிறுத்திய முதல் ஆண்டு, மருந்து கொடுத்த காலத்தைவிட எனக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் அவள் முதுகைத் திருப்பி நீலம் தேடினேன். இப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை போகிறோம். சிகிச்சையில் ஏறிய ஒரு சிவப்பு மருந்து இருதயத்தைப் பாதிக்கக் கூடுமாகையால் அதையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். இதுவரை குறையில்லை.

மைத்துனன் எழுதிய நோட்டும், சீட்டுகள் அடங்கிய பைலும், காப்பீட்டு மனுவின் நகலும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. வேண்டியவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தபின் வரலாம். என் மனைவி மாலையிலும் வீட்டில் இருப்பாள். பெண்கள் அவளிடம் பேசுவது எளிதாயிருக்கும்.